போர்டைப் பார்த்துவிட்டு விலை சொல்லுங்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி, கோபி பக்கம் கணினிக் கடை வைத்திருக்கும் அண்ணன்மாருக்கும், அங்கே ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக நிற்கும் தம்பிமாருக்கும்,



உங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இப்போது கேட்பது ஒரே கேள்விதான். "பழைய சிஸ்டமுங்க. கேம் ஆடுனா திக்கித் திக்கி நிக்குது. ப்ராசஸர் மட்டும் மாத்துனாப் பத்துமுங்களா?" உங்களில் பலர் சொல்லும் பதிலும் ஒன்றுதான். "பத்தாதுங்க. போர்டு, ப்ராசஸர், ரேம் மூணும் மாத்தோணும்." கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றுவதற்கு முன்பே இந்தப் பதில் வந்துவிடுகிறது. இந்த மடல் அந்தப் பதிலைப் பற்றித்தான். சில சிஸ்டங்களுக்கு அது சரியான பதில். பலவற்றுக்குத் தேவையில்லாத செலவு. எது எதற்கென்று கடைக்கு வருகிறவரும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

இந்தக் கேள்வி இப்போது அதிகமாக வருவதற்குக் காரணம் உண்டு. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்குப் போகலாமென்றால் இன்டெலில் 8ஆம் தலைமுறை முதல்தான், ஏஎம்டியில் முதல் தலைமுறை ரைசனுக்கு இடமில்லை என்கிறது அதன் பட்டியல். அதே நேரத்தில் மெமரி சிப்களையெல்லாம் ஏஐ டேட்டா சென்டர்கள் அள்ளிக்கொண்டு போக, ரேம் விலை தாறுமாறாக ஏறியது. 2025 டிசம்பரில் மைக்ரான் நிறுவனம் க்ரூஷியல் பெயரில் சில்லறை விற்பனை செய்வதையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. இந்த நிலையில் "மூணும் மாத்தோணும்" என்றால், கையிலிருக்கும் நல்ல டிடிஆர்4 ரேமை ஓரமாக வைத்துவிட்டு, விலை உச்சத்தில் இருக்கும்போது டிடிஆர்5 வாங்கச் சொல்கிறோம் என்று பொருள்.

நம்ம ஊர் பழக்கம் இதற்கு நேர்மாறானது. மோட்டார் எரிந்தால் யாரும் மோட்டாரைத் தூக்கி வீசுவதில்லை. ஆவாரம்பாளையத்திலோ கணபதியிலோ ஒரு பட்டறையில் கொடுத்துக் காயில் கட்டி வாங்குகிறோம். பட்டறைக்காரரும் முதலில் கழற்றிப் பார்த்து, பேரிங் போயிருக்கிறதா, காயில் போயிருக்கிறதா என்று சொல்லிவிட்டுத்தான் கூலி பேசுவார். அந்த ஒழுங்கு கம்ப்யூட்டர் கடையிலும் இருக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை முழுவதும்.

முதலில் ஏஎம்4 போர்டுகளை எடுத்துக்கொள்வோம். 2017 முதல் 2022 வரை இந்தப் பக்கம் கட்டிக் கொடுக்கப்பட்ட கேமிங் சிஸ்டங்களில் ஏராளமானவை ஏ320, பி350, பி450, பி550 போர்டுகள்தான். 1331 ஓட்டைகள் கொண்ட அந்தச் சாக்கெட்டில் 2017 மார்ச்சில் வந்த முதல் ரைசனும் உட்காரும். 2022 ஏப்ரலில் வந்த ரைசன் 5 5600உம் உட்காரும். 2024 ஜனவரியில் வந்த 5700எக்ஸ்3டியும் உட்காரும். பழைய 300 வரிசை போர்டுகளுக்கு 5000 வரிசைச் சிப்கள் கிடையாது என்று முதலில் சொன்ன ஏஎம்டி, 2022இல் மனம் மாறி அவற்றுக்கும் வழிவிட்டது. தேவைப்படுவது ஒரு பயாஸ் அப்டேட் மட்டுமே.

ஒரு கல்லூரி மாணவர் பி350 போர்டில் ரைசன் 5 1600 போட்டு வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதில் 5600 வைத்தால் என்ன மாறும்? இரண்டிலும் ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். இரண்டும் 65 வாட். டப்பாவில் அச்சிட்டதை மட்டும் படித்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. உள்ளே கதை வேறு. 1600இன் உச்ச வேகம் 3.6 கிகாஹெர்ட்ஸ், 5600இல் 4.4. கேஷ் மெமரி 16 எம்பியிலிருந்து 32 ஆகிறது. 1600இல் ஆறு கோர்களும் மூன்று மூன்றாகப் பிரிந்து, ஆளுக்கு 8 எம்பி கேஷைத் தனித்தனியாக வைத்திருக்கும். இந்தப் பக்கத்து கோருக்கு அந்தப் பக்கத்துத் தகவல் வேண்டுமென்றால் சுற்றித்தான் போக வேண்டும். 5600இல் ஆறு கோரும் ஒரே 32 எம்பியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒரு கடிகாரச் சுற்றில் செய்து முடிக்கும் வேலையின் அளவும் தலைமுறைக்குத் தலைமுறை கூடியிருக்கிறது. வேலரன்ட், கவுன்ட்டர் ஸ்ட்ரைக் மாதிரி கேம்களில் திடீரென்று படம் நின்று போகும் அந்தத் திக்கல் குறைவதற்கு இவைதான் காரணம். எஸ்எம்பிஎஸ் மாற்ற வேண்டாம். ரேம் மாற்ற வேண்டாம். விண்டோஸ் 11 பட்டியலிலும் 5600 இருக்கிறது.

ரைசன் 7 5800எக்ஸ்3டி இதைவிடச் சுவாரசியமானது. உச்ச வேகத்தில் அது தன் அண்ணன் 5800எக்ஸைவிடக் குறைவு, அது 4.7, இது 4.5. ஆனால் சிப்பின் தலைமேல் இன்னொரு 64 எம்பி கேஷை அடுக்கி மொத்தம் 96 எம்பி ஆக்கியிருக்கிறார்கள். கேம் ஓடும்போது ப்ராசஸர் நேரத்தை இழப்பது பெரும்பாலும் ரேமிலிருந்து தகவல் வரும்வரை காத்திருப்பதில்தான். தகவல் பக்கத்திலேயே இருந்தால் காத்திருப்பு குறைகிறது. அதனால் வேகம் குறைந்த சிப், கேமில் முந்துகிறது. டாலியிலோ எக்செலிலோ இந்தக் கூடுதல் கேஷால் சொல்லிக்கொள்ளும்படி லாபம் இல்லை. எனவே எக்ஸ்3டி என்ற எழுத்துகளைக் கணக்குப்பிள்ளைக்கு விற்காதீர்கள். கேம் ஆடும் பையனுக்கு மட்டும் சொல்லுங்கள். இப்போது இந்தச் சிப்கள் புதிதாகக் கிடைப்பது அரிது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 105 வாட் சிப் அது. ஹீட்சிங்க் இல்லாத மலிவு ஏ320 போர்டில் அதை வைத்தால் மின்சாரம் கொடுக்கும் பகுதி கொதிக்கும். டப்பாவில் கூலரும் வராது. அந்த இடத்தில் "இந்த போர்டுக்கு 5600 போதுமுங்க" என்று சொல்வதுதான் அறிந்தவர் பேச்சு.

இன்டெல் பக்கம் வந்தால் உங்கள் "மூணும் மாத்தோணும்" பல நேரம் நியாயம்தான். 1151 சாக்கெட் இரண்டு ஜாதி. 6, 7ஆம் தலைமுறைக்கான போர்டில் 8, 9ஆம் தலைமுறைச் சிப்பை வைத்தால் பின் எண்ணிக்கை ஒன்றாக இருந்தும் ஓடாது. ஐ3-6100 வைத்திருப்பவர் அதே போர்டில் ஐ7-7700 வாங்கி வைக்கலாம். வேகம் கூடும், ஆனால் விண்டோஸ் 11 பட்டியலுக்கு வெளியேதான் நிற்பார். பழைய ஐ7க்குப் போய்க் காசைக் கொட்ட வேண்டாம் என்று அவரிடம் சொல்வது உங்கள் கடமை. ஐ3-10100 போட்ட ஹெச்410 போர்டில் 10ஆம் தலைமுறைக்குள்ளேயே ஐ5, ஐ7க்கு ஏறலாம். 11ஆம் தலைமுறையை அந்தச் சிப்செட் ஏற்காது. ஐ3-12100 போட்ட ஹெச்610 போர்டு வைத்திருப்பவருக்குத்தான் வழி அகலம். ஐ5-12400இலிருந்து 14ஆம் தலைமுறை ஐ5 வரை அதே சாக்கெட்டில் போகலாம். அங்கேயும் மலிவு போர்டில் ஐ9 வைக்கும் ஆசையைத் தடுக்க வேண்டியவர் நீங்கள்தான்.

சிப்பை விற்பதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: அளந்து பார்ப்பது. கவுன்டரிலேயே பத்து நிமிடத்தில் முடியும். சிஸ்டத்தை மானிட்டரில் மாட்டி, அவர் ஆடும் கேமையே ஓட்டச் சொல்லுங்கள். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போட்டு, திரை மூலையில் கிராபிக்ஸ் கார்டின் உழைப்பு எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 95க்கு மேல் ஒட்டியே நின்றால் முட்டுக்கட்டை கிராபிக்ஸ் கார்டு. எந்த ப்ராசஸர் போட்டாலும் பெரிதாக மாறாது. அது 60, 70இல் ஆடிக்கொண்டிருக்க, படம் மட்டும் திக்கினால் பெரும்பாலும் ப்ராசஸர்தான் குற்றவாளி. உறுதி செய்ய ரெசல்யூஷனை 1080இலிருந்து 720க்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் ஏறாமல் அதே இடத்தில் நின்றால் சந்தேகமே வேண்டாம். டாஸ்க் மேனேஜரில் "சிபியு 35 சதவீதம்தான், ப்ராசஸர் சும்மாதானே இருக்குது" என்று வாடிக்கையாளர் காட்டுவார். அந்தக் கோட்டின் மேல் வலது கிளிக் செய்து லாஜிகல் ப்ராசஸர் வாரியாகப் பிரித்துக் காட்டுங்கள். பன்னிரண்டு பெட்டிகளில் ஒன்று உச்சியில் முட்டிக்கொண்டும் மற்றவை தூங்கிக்கொண்டும் இருப்பது தெரியும். கேமின் முக்கியமான வேலை பெரும்பாலும் அந்த ஒன்றின் தலையில்தான்.

பாதிக் கேஸ்கள் ப்ராசஸர்வரை வரவே வராது. 3200 ரேம் வாங்கிக் கொடுத்த கடையே பயாஸில் எக்ஸ்எம்பியை ஆன் செய்யாமல் விட்டதால், வருடக்கணக்கில் 2133இல் ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டங்கள் உண்டு. 8 ஜிபி ஒற்றை ரேமோடு நிற்கும் சிஸ்டத்தில் இன்னொன்றைச் சரியான ஸ்லாட்டில் செருகினாலே பாதை இரண்டாகும். கிராபிக்ஸ் கார்டு வைத்திருந்தும் மானிட்டர் கேபிளை போர்டில் சொருகியிருக்கும் வீடுகளும் இருக்கின்றன. 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்துக்கொண்டு 200 எஃப்பிஎஸ்ஸுக்குச் செலவு செய்ய நினைப்பவரிடம், முதலில் மானிட்டரைப் பற்றிப் பேசுங்கள்.

நம்ம பக்கத்துக்கே உரிய இன்னொரு நோய் பஞ்சு. திருப்பூரிலும், சோமனூர், பல்லடம் தறிக்காடுகளிலும் உள்ள சிஸ்டங்களின் கூலரைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஃபேனுக்கும் ஃபின்னுக்கும் நடுவே கம்பளிப் படலமாகப் பஞ்சு அடைத்திருக்கும். காற்று நுழையாது. வெப்பம் 90 டிகிரியைத் தாண்டினால் ப்ராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. பிரஷ்ஷும் புளோயரும் எடுத்துச் சுத்தம் செய்து, புதுத் தெர்மல் பேஸ்ட் வைத்தாலே இழந்த வேகம் திரும்பிவிடும். அதற்குக் கூலி வாங்குங்கள்; தப்பில்லை. புதுச் சிஸ்டம் விற்காதீர்கள்.

கேம் ஆடாத ஆட்களையும் மறந்துவிட வேண்டாம். குறிச்சி சிட்கோவில் லேத், சிஎன்சி வைத்திருப்பவர் "சாலிட்வொர்க்ஸ் மெதுவா வருதுங்க" என்று வந்தால், பதினாறு கோர் சிப்பைக் காட்டாதீர்கள். பாகத்தை வரைந்து மாற்றி மாற்றி ரீபில்ட் செய்யும் வேலை பெரும்பாலும் ஒரே கோரில் ஓடுகிறது. அவருக்கு வேண்டியது ஒரு கோரின் வேகம். ரெண்டரிங் செய்பவருக்குத்தான் கோர் எண்ணிக்கை. பனியன் கம்பெனியில் டாலியும் பிரவுசரும் ஓடும் சிஸ்டம் ஊர்ந்தால், அதில் இன்னும் ஹார்டு டிஸ்க் சுற்றிக்கொண்டிருக்கிறதா, 4 ஜிபி ரேம்தானா என்று பாருங்கள். எஸ்எஸ்டி ஒன்று போட்டால் தீரும் வழக்கு அது. அதுவும் போதாமல், சிப்பும் பட்டியலுக்கு வெளியே இருந்தால்தான் ப்ராசஸர் பேச்சு.

இனி வேலை செய்யும் முறை. சில கடைகளில் நான் பார்த்த அவசரம் கவலை தருகிறது. பழைய சிப் உள்ளே இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிட வேண்டும். புதுச் சிப்பை வைத்துவிட்டு டிஸ்பிளே வரவில்லையே என்று தேடக் கூடாது. அப்டேட் ஓடும்போது யுபிஎஸ் கட்டாயம். நடுவில் கரண்ட் போனால் போர்டே செத்துப்போகும். பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டாக இருந்தால் மட்டும் தப்பிக்கலாம்.

ஏஎம்4 கூலரை நேராக மேலே இழுக்கவே கூடாது. பல வருடம் இறுகிப்போன பேஸ்ட் சிப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும். லீவர் பூட்டியிருந்தாலும் சிப் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு கூலரோடு வந்துவிடும். பின் வளைந்தால் நஷ்டம் யாருக்கு என்று கவுன்டரில் சண்டை தொடங்கும். கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம் ஏதாவது கனமான வேலை கொடுத்துச் சூடேற்றுங்கள். ஆஃப் செய்து பிளக்கைப் பிடுங்கிய பிறகு, கூலரின் பிடிகளைத் தளர்த்தி, இடமும் வலமுமாக மெல்லத் திருகுங்கள். பேஸ்ட் விட்டுக்கொடுப்பது கையிலேயே தெரியும். அதன்பிறகுதான் தூக்க வேண்டும்.

புதுச் சிப்போடு முதல் முறை ஆன் செய்யும்போது, புது ப்ராசஸர் வந்திருக்கிறது, எஃப்டிபிஎம்மை ரீசெட் செய்யவா என்று திரையில் கேட்கும். பலர் யோசிக்காமல் ஒய் அழுத்திவிடுகிறார்கள். வாடிக்கையாளரின் டிரைவில் பிட்லாக்கர் ஆனில் இருந்தால், ரெக்கவரி கீ இல்லாமல் அவர் ஃபைல்களுக்குள் போக முடியாது. கழற்றும் முன்பே கேட்டு, பிட்லாக்கரை நிறுத்தி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பயாஸ் அப்டேட் பழைய செட்டிங்கை எல்லாம் அழித்துவிடும் என்பதால் எக்ஸ்எம்பி, டிபிஎம், செக்யூர் பூட் மூன்றையும் திரும்ப ஆன் செய்து கொடுங்கள். விண்டோஸ் 11இல் வேலரன்ட் ஆட டிபிஎம்மும் செக்யூர் பூட்டும் கட்டாயம். இதைச் செய்யாமல் அனுப்பினால் "நேத்து வரைக்கும் ஓடுன கேம் இன்னைக்கு ஓடலைங்க" என்று மறுநாளே ஆள் வந்து நிற்பார். போர்டை மாற்றாததால் விண்டோஸ் லைசென்ஸும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். இதுவும் வாடிக்கையாளருக்கு மிச்சம்தான்.

விற்கும் சிப்பைப் பற்றியும் இரண்டு வார்த்தை. டப்பாவோடு வரும் ப்ராசஸருக்கு மூன்று வருடம் கம்பெனி வாரன்டி. ட்ரே சிப் என்று பிளாஸ்டிக் தட்டில் வருவதற்கு, விற்றவர் கொடுப்பதுதான் வாரன்டி. விலை குறைவு என்பதைச் சொல்லும் வாயால் இதையும் சொல்லுங்கள். ஐ5-12400எஃப் மாதிரி எஃப் எழுத்துள்ள இன்டெல் சிப்பிலும், ஜி எழுத்தில்லாத ரைசன் 5 5600இலும் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. கார்டு இல்லாத ஆபீஸ் சிஸ்டத்துக்கு அதை விற்றால் திரை கறுப்பாகவே இருக்கும். இன்டெல் 13, 14ஆம் தலைமுறையின் பெரிய சிப்களில் வோல்டேஜ் கோளாறால் நிலைகுலையும் பிரச்சினை இருந்ததை 2024இல் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டு, பயாஸ் வழியாகத் திருத்தம் கொடுத்து, வாரன்டியையும் இரண்டு வருடம் நீட்டியது. ஏற்கெனவே கெட்டுப்போன சிப்பை அந்தத் திருத்தம் காப்பாற்றாது. எனவே செகண்ட் ஹேண்டில் அந்த வரிசை வந்தால், நன்றாகச் சுமை கொடுத்து ஓட்டிப் பார்க்காமல் கைமாற்றாதீர்கள்.

உங்கள் பக்க நியாயமும் எனக்குப் புரிகிறது. ஆன்லைன் விலையோடு மல்லுக்கட்டி, வாடகையும் சம்பளமும் கொடுக்க வேண்டும். ஒரு சிப் விற்றால் நிற்கும் லாபம் சொற்பம். மூன்று சாமான் போனால் கொஞ்சம் மூச்சு விடலாம். அதற்கு வழி, தேவையில்லாத சாமானை விற்பதல்ல. வேலைக்கு வெளிப்படையாகக் கூலி கேட்பது. சோதித்துச் சொல்ல இவ்வளவு, பயாஸ் அப்டேட்டுக்கு இவ்வளவு, மாட்டிக் கொடுக்க இவ்வளவு என்று பலகையில் எழுதிப் போடுங்கள். காயில் கட்டும் பட்டறையில் கம்பிக்குத் தனி, கூலிக்குத் தனி என்று கொடுத்துப் பழகிய ஊர் இது. வேலை தெரிந்த கைக்குக் கூலி கொடுக்க இங்கே யாரும் முகம் சுளிக்கப்போவதில்லை. சிப்பை ஆன்லைனில் வாங்கி வருகிறவரையும் திருப்பி அனுப்பாதீர்கள். கூலி வாங்கிக்கொண்டு மாட்டிக் கொடுங்கள். அடுத்த முறை கேட்டுவிட்டு வாங்க அவர் உங்களிடம்தான் வருவார்.

ஆகவே கேட்பது நான்கே விஷயம்:

1. புதுச் சிஸ்டம் கட்டிக் கொடுக்கும்போது போர்டின் முழு மாடல் பெயரும், ரேம் எந்த வேகத்தில் ஓடுகிறது என்பதும் பில்லில் இருக்கட்டும். "மதர்போர்டு - 1" என்று எழுதிய பில், ஐந்து வருடம் கழித்து யாருக்கும் உதவாது.

2. மேம்படுத்தக் கேட்டு வருகிறவரின் சிஸ்டத்தை அளந்து பார்த்துவிட்டு, முட்டுக்கட்டை எதுவென்று அவர் கண்ணுக்குக் காட்டுங்கள்.

3. எப்போதும் இரண்டு கொட்டேஷன் எழுதிக் கொடுங்கள். ஒன்று, போர்டு ஏற்கும் சிறந்த சிப்பும் கூலியும் மட்டும். மற்றொன்று, மூன்றும் மாற்றினால். எதை எடுப்பது என்பதை வாடிக்கையாளர் முடிவு செய்யட்டும். கிராபிக்ஸ் கார்டுக்கு நிறையக் கொட்டியவர், மூன்றும் மாற்றத்தான் வேண்டும் என்று அவரே சொல்லக்கூடும்.

4. கழற்றிய பழைய சிப்புக்கு ஒரு விலை சொல்லி எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் சும்மா கிடக்கும் ரைசன் 5 2600, இன்னொரு வீட்டில் நான்கு கோர் ரைசன் 3 1200 வைத்திருக்கும் பள்ளிக்கூடப் பையனுக்குப் பெரிய ஏற்றம். ஓட்டிப் பார்த்து, ஒரு மாத வாரன்டியாவது கொடுத்து விற்றால் இரண்டு தரப்புக்கும் லாபம்.

என்னிடம் இருப்பது பி450 போர்டும் ரைசன் 5 2600உம். வருகிற வாரம் காந்திபுரம் பக்கம் இரண்டு மூன்று கடைகளுக்குக் கொண்டு வருகிறேன். தகட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு முதலில் விலை சொல்கிற கடைக்குத்தான் வேலையும், என் சொந்தக்காரர்கள் வீட்டுச் சிஸ்டங்களும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவன்